அறுத்து மாட்டிய வலை

"வரலன்னா வரல. எத்தினி வாட்டி சொல்றது? நான் அந்த ஊரு மண்ண—"

"நீங்க மிதிக்க வேணாம். நான் ஒண்டியா போய்—"

"ஒண்டியா போவியா? வழி தெரியாத ஊர்ல, மீன் நாத்தத்துக்கு நடுவுல—"

"எம் பொண்ணு இருக்கற எடம் எனக்கு நாறாது!"

"எனக்கு நாறுது!"

"அப்ப மூக்கப் புடிச்சிக்கினு உக்காருங்க!"

இவ்வளவையும் பஞ்சாட்சரம் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். வரமாட்டேன் என்று காஞ்சிபுரத்தில் ஆரம்பித்த மனிதர் செங்கல்பட்டில் வண்டி மாறினார், திருக்கழுக்குன்றத்தில் இறங்கிச் சோடா குடித்தார், மாமல்லபுரத்தில் இந்தச் சின்ன பஸ்ஸுக்கு முண்டியடித்து ஏறி இடமும் பிடித்தார். வாய் மட்டும் இன்னும் காஞ்சிபுரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தையல்நாயகி மடியில் தூக்குவாளியை அணைத்துக்கொண்டாள். அதற்குள் மந்தாரை இலையில் பொதிந்த மிளகு இட்லி. கலாவதிக்கு உயிர் அது.

கலாவதி அவர்களுக்கு ஒரே பெண். டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளப் போன இடத்துக்கு எதிரில் ஒரு மிலிட்டரி ஓட்டல். அங்கே சப்ளையராக இருந்தவன் தாவீது. ஒரு நாள் இருவரையும் ஊரில் காணவில்லை. மீன் வாசனையே படாத சைவ நெசவாளர் வீடு. பஞ்சாட்சரம் கிணற்றடியில் நின்று குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, "எனக்குப் பொண்ணு இல்ல" என்றார். அதோடு சரி. போன வாரம் மாமல்லபுரம் போய்வந்த யாரோ சொன்னார்கள். கலாவதி மாசமாக இருக்கிறாளாம். வயிறு இறங்கிவிட்டதாம். கூட ஒரு பெண்பிள்ளை கிடையாதாம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். தையல்நாயகிக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

"பாத்துட்டு திரும்பிடணும். கூட்டிக்கினு வர்ற பேச்சே கூடாது, ஆமா" என்றார் பஞ்சாட்சரம்.

"சரி."

"சரின்னா சரியா?"

"எத்தினி வாட்டி சொல்றது!"

தாவீதின் ஊரான கோரைக்குப்பம் ஒரு காலத்தில் மீன்பிடிக்கிற ஊர். இப்போது சாப்பாட்டுக் கடைகளின் ஊர். ஞாயிற்றுக்கிழமையானால் மெட்ராஸிலிருந்து வரிசையாகக் கார் வந்து நிற்கும். இறால் வறுவலுக்கும் நண்டுக் குழம்புக்கும் சண்டை போடுவார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குச் செவ்வாய். உச்சி வெயில். இவர்கள் இருவரையும் இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. தெருவில் ஆள் இல்லை. கொதிக்கிற மணலும், காய்ந்த எண்ணெய் வாசனையும், அந்தப் பக்கம் விடாமல் இரைகிற கடலும்தான்.

கரையில் ஒரு படகு இல்லை. கட்டுமரங்களின் கட்டுக்கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரத்தையும் செங்கல்மேல் ஏற்றிச் சாப்பாட்டு மேசையாக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கடை முகப்பிலும் ஒரு பழைய வலை தொங்கியது. அலங்காரத்துக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். எல்லா வலைகளும் நடுவில் மேலிருந்து கீழாக அறுந்து இரண்டு பாதியாகத் தொங்கின.

கடைசிக் கடையின் வாசலில் கலாவதி நின்றாள். கையில் கரண்டி. வயிறு அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

"அம்மா."

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. தையல்நாயகி தூக்குவாளியை அவளிடம் நீட்டினாள். பஞ்சாட்சரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  பிறகு அதனிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"புள்ளத்தாச்சிப் பொண்ணு வெயில்ல நிக்கலாமா?"

"நைனா, உள்ள வாங்க நைனா."

"தண்ணி இருக்குதா?"

கலாவதி செம்பைக் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி, அந்த வீட்டுத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தார். தலைகுனிந்து நிலைப்படிக்குள் நுழைந்தார். தையல்நாயகி உள்ளே போகவில்லை. அப்பனும் மகளும் பேசட்டும் என்று முகப்பிலேயே, அந்த வலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே குரல் மெல்ல வந்தது.

"அவன் எங்க?"

"பக்கத்து ஊருக்கு நைனா, மீன் வாங்க. எங்க ஊர்ல யாரும் புடிக்கறதில்ல."

"உன்ன அடிக்கறானா?"

"போ நைனா. எனக்கு சைவமா தனி அடுப்பு வெச்சிக் குடுத்திருக்காரு."

 பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அது கலாவதியுடையது அல்ல.

தையல்நாயகிக்குக் கண் நிறைந்தது. கை சும்மா இருக்கவில்லை. நெசவு வீட்டில் பிறந்த கை, அறுந்த இழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்காது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் முனைகளோடு புதிய பாவு நூலை ஒவ்வோர் இழையாகப் பிணைத்துப் பிணைத்தே நாற்பது வயதைத் தாண்டியவள். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு; அப்புறம் இழை வேறு இடத்தில் அறுந்தாலும் அறுமே தவிர அந்த இடத்தில் அறாது. அதுவும் அவள் இடக்கைக்காரி. அவள் போடும் முடிச்சு ஊரார் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் சாயும். ஆயிரம் முடிச்சுக்கு நடுவிலும் இது தையல்நாயகியுடையது என்று தெரிந்துவிடும்.

வலையை இழுத்துப் பார்த்தாள். நல்ல நூல். புளியங்கொட்டைச் சாயம் ஏற்றிய கெட்டி நூல். இற்றுக் கிழிந்ததில்லை, யாரோ கத்தியால் நேராக அறுத்திருக்கிறார்கள்.

"இத்தப் போய் இப்படிப் பண்ணுவாங்களா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு தட்டில் சாம்பல் இருந்தது. மீன் வழுக்காமல் ஆய்வதற்கு வைத்தது. ஒரு கணம் கூசியது. பிறகு இடக்கை விரலால் தொட்டாள். மகளுக்கான இட்லி தவிர மருமகன் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்திருக்கிறோம், இதையாவது செய்துவிட்டுப் போவோம் என்று இருந்தது. கலாவதிக்குப் போடாத சீர், அவள் கல்யாணத்தில் பரிமாறாத பந்தி எல்லாம் அந்த விரலில் வந்து சேர்ந்தது. வலையின் ஒரு கண்ணை முறுக்கினாள், முடிந்தாள். அடுத்த கண். அடுத்த கண்.

உள்ளே பஞ்சாட்சரம் கேட்டது காதில் விழுந்தது. "ஊருக்கு வரியாம்மா?"

தையல்நாயகி கடைசி முடிச்சை இறுக்கினாள்.

கடல் சத்தம் நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். அலை வருகிறது, உடைகிறது, நுரை பரவுகிறது. சத்தம் மட்டும் இல்லை. மடியில் கிடந்த வலையின் ஓரம் கனத்தது. புடவை நனைந்தது. அந்த வெயிலில், வருஷக்கணக்காகக் காய்ந்து தொங்கிய வலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

வாசலில் சைக்கிள் சாய்ந்தது. மீன்கூடை கவிழ்ந்து மணலெல்லாம் மீன். தாவீது நின்றான். வந்தவர்கள் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் பார்த்ததோ வலையை மட்டும்தான்.

"இத்த யாரு கட்டுனது?"

"நான்தாம்பா. நல்ல வலை, வீணா அறுந்து கெடக்குதேன்னு…"

"அத்தே." அவன் குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. "அது அறுந்தது இல்ல அத்தே. நாங்க அறுத்தது."

"எதுக்குப்பா?"

"புயல் வருஷம். ஊரு முச்சூடும் கடல்ல இருந்தாங்க. எங்கப்பா, எங்கண்ணன் ரெண்டு பேரும் போயிட்டாங்க. வலைங்க மட்டும் கரைக்கு வந்துது, ஒரு கண்ணு கூட கிழியாம. உச்சி வேளைக்கு எல்லா வலையும் தானா கடல் பக்கம் நவுரும். எங்க சித்தப்பா ஓடிப்போய் புடிச்சாரு. அவரு கை வலைய வுட்டு வரல. அப்படியே இழுத்துக்கினு போயிட்டாங்க."

"யாரு இழுத்தது?"

"கடலோட போனவங்கதான். அங்க வலை இழுக்க ஆளு பத்தல அத்தே. அவங்கவங்க வூட்டு ஆளக் கேக்கறாங்க. வலைய நடுவுல அறுத்தப்பறம்தான் நின்னுது. அன்னியிலேருந்து இந்த ஊர்ல ஒருத்தரும் கடல்ல கால் வெக்கறதில்ல."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வலை ஆணியிலிருந்து ஒரு கண் இறங்கியது. யாரோ கீழ்முனையைப் பதமாகச் சுண்டி இழுத்ததுபோல.

தாவீது கலாவதியின் வயிற்றைப் பார்த்தான். அவள் வாசலுக்கு வந்திருந்தாள், அப்பாவோடு.

"பஸ்ஸு திரும்பி வர்ற நேரம். மாமா, கலாவக் கூட்டிக்கினு ஏறுங்க. இப்பவே."

"இன்னாப்பா, நீ—"

"அது வயித்துல இருக்கறது எங்க வூட்டு ஆளு மாமா! போங்க. நான் இத்த அறுத்துட்டு பின்னாலயே வரேன்."

கலாவதி அழுதாள், இழுத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பஸ் நகர்ந்தபோது தையல்நாயகி பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கத்தி மணலில் கிடந்தது. தாவீதின் இரண்டு கையும் வலையில் இருந்தன. குதிகால் இரண்டும் மணலில் கோடு கிழித்துக்கொண்டு போயின. வலையின் இந்த முனையில் அவன். அந்த முனை கடலுக்குள்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கலாவதி திரும்பிப் பார்த்திருப்பாள்.

சில நாள் கழித்துப் பஞ்சாட்சரம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கலாவதி தூங்கும்போது கொல்லையில் வைத்துச் சொன்னார்.

"கடை தொறந்தாப்புல கெடக்குது. ஆளு இல்ல. ஊர்ல கேட்டா வாயத் தொறக்க மாட்றாங்க."

"வலை?"

"இன்னா வலை? அங்க வெறும் ஆணிதான் இருக்குது."

"நான் கட்டுனதுதானே…"

"நீ கட்டுனதுதான்! சும்மா கெடந்தத எடுத்து—" அவர் நிறுத்தினார். மனைவி முகத்தைப் பார்த்தார். "சரி வுடு. கடல் எங்க இருக்குது, காஞ்சிபுரம் எங்க இருக்குது. இங்க தண்ணி வரணும்னா பாலாத்துலயே வரல."

அந்தச் சிரிப்பு அவருக்கே ஒட்டவில்லை.

முதலில் வாசனை வந்தது. அதுவும் உச்சி வேளைக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா தையலு, மாப்புள வூட்டு சமையலா?" என்று கிண்டல் செய்தாள். தையல்நாயகி வீடு முழுக்கச் சாணி போட்டு மெழுகினாள், சாம்பிராணி போட்டாள். வாசனை போகவில்லை. கூடத்தின் மூலையில், தறியிலிருந்துதான் அது வந்தது.

காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறிக்குழி. இடுப்பளவு ஆழம். அவர் அப்பன் காலத்திலிருந்து எலும்பாய்க் காய்ந்து கிடந்த குழி. அன்று மிதியில் கால் வைத்த பஞ்சாட்சரம் சட்டென்று எடுத்துக்கொண்டார். பாதம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

மறுநாள் பாவில், அரக்குப் பட்டிழைகளுக்கு நடுவே, பழுப்பாய் ஓர் இழை ஓடியது. கெட்டியாய், ஈரமாய். தையல்நாயகி குனிந்து பார்த்தாள். அதில் ஒரு முடிச்சு. முடிச்சு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

அறுத்து எறிந்தாள். மறுநாள் நாலு இழை. அதற்கு மறுநாள் பஞ்சாட்சரம் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து, தறியில் ஏறியிருந்த பாவு முழுவதையும் ஒரே வெட்டாக வெட்டினார். நெய்கிறவன் செய்யக் கூடாத காரியம்.  சுருட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோய் நெருப்பு வைத்தார்கள். பட்டு, மயிர் கருகுவதுபோலக் கருகியது.

"அவ்ளோதான். தறி வெறிச்சோன்னு கெடக்கட்டும். புள்ள பொறக்கற வரைக்கும் நாடாவத் தொட மாட்டேன்" என்றார்.

"கலா எங்க?"

"படுத்திருக்குது."

உள்ளே மிதி சத்தம் கேட்டது.

தடக்.

பாவு இல்லாத தறி.

தடக். தடக்.

"கலா?"

"இங்கதாம்மா இருக்கேன்." கூடத்திலிருந்து குரல் நிம்மதியாக வந்தது. "கால் எரிச்சலா இருந்துச்சி. குழியில தொங்கப்போட்டா ஜில்லுன்னு இருக்குது."

அவர்கள் ஓடினார்கள்.

குழி விளிம்புவரை தண்ணீர். பச்சை நிறத் தண்ணீர். அதில் ஒரு சுழிப்பு இல்லை, சத்தம் இல்லை. பாவு இருந்த இடத்தில் வலை விரிந்திருந்தது. ஒரு கண்கூடப் பிரியாமல், தறியில் துணி சுருட்டும் படைமரத்திலிருந்து முறுக்காக இறங்கிக் குழிக்குள் போயிற்று. இடுப்பளவே ஆழமான அந்தக் குழியில் கலாவதி மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் வலையைப் பிடித்திருந்தாள்.

"அவரு கீழதாம்மா இருக்காரு. கனமா இருக்குதாம். கொஞ்சம் புடிக்கச் சொல்றாரு."

"வுடும்மா! கைய எடு!"

"வரமாட்டேங்குதேம்மா."

அவள் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது. தண்ணீர் தோள்வரை ஏறியது. அல்லது அவள் இறங்கினாள்.

பஞ்சாட்சரம் மகளின் தோளைப் பிடித்து இழுத்தார். வழுக்கியது. வலையைப் பிடித்து இழுத்தார். அவரும் சேர்ந்து நகர்ந்தார்.

"அறுங்க!" தையல்நாயகி கத்தினாள். "அறுத்தா நிக்கும்னு சொன்னான்! அறுங்க!"

"அவ அந்தாண்ட இருக்காடி!"

"அறுங்கன்றேன்!"

கத்தி இன்னும் அவர் இடுப்பில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார்.

வலை நின்றது.

தண்ணீரும் நின்றது. பிறகு ஊற்றிய இடம் தெரியாமல் மண்ணுக்குள் போயிற்று. குழிக்குள் மிதிப்பலகை கிடந்தது. கலாவதியின் வளையல் ஒன்று கிடந்தது. வலையின் மேல்பாதி தறியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதி இல்லை.

ஆள் வைத்துத் தோண்டினார்கள். வறட்டுச் செம்மண்தான் வந்தது.

அன்றிலிருந்து பஞ்சாட்சரம் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். திட்டினாலும் திரும்பித் திட்டமாட்டார். தறிக்கு எதிரே சுவரில் சாய்ந்து, வெட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு குழியையே பார்த்திருப்பார். தறியில் தொங்கிய பாதி வலை காயவில்லை. எரிக்கப் பார்த்தாள், பற்றவில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு நாள் உச்சி வேளையில், தெருவில் இருக்கிற எல்லாத் தறிச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றதுபோல இருந்தது. தையல்நாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். காய்ந்த குழியின் அடியில், மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு நூல் முனை மேலே வந்திருந்தது. பழுப்பாய், ஈரமாய், கத்தியால் நேராக அறுபட்ட முனை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. பிறகு இன்னொன்று. மேலே தொங்குகிற முனைகளுக்கு நேர் நேராக.

ஒவ்வொன்றும் லேசாகத் துடித்தது. அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

தையல்நாயகி அடுப்புக்குப் போனாள். திரும்பி வந்து குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். இடக்கை விரல்களில் சாம்பல். சுவரில் சாய்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க… பிணைக்கட்டுமா?"